உதை வாங்கும் தோளுக்கு ஒரு சட்டை

"அண்ணே, தோள்பட்டை கன்னிப் போச்சு. நல்ல பேடா ஒண்ணு சொல்லுங்க, இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன்."

டாலஸ் வட்டாரத்தில் என்னோடு தட்டு சுட வருகிற தம்பிகளில் யாராவது ஒருவரிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸப் வந்துகொண்டே இருக்கும். கூடவே சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு எடுத்த போட்டோ. கத்தரிப்பூ நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல். சுடும்போது துப்பாக்கி தோளில் உதைப்பதைத் தாங்கும் மெத்தைதான் பேட். நான் பேட் பெயர் எதுவும் சொல்வதில்லை. "என்ன தோட்டா போட்டீங்க? துப்பாக்கி எவ்வளவு கனம்? கன்னினது சரியா எந்த இடம்?" என்று திருப்பிக் கேட்பேன். எதிர்முனையில் எரிச்சல் வருவது எனக்கே தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன். இனிமேல் சுட்டி அனுப்பினால் போதும்.

இந்த விளையாட்டே தெரியாமல் இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. எந்திரம் வானத்தில் வீசும் தட்டை ஷாட்கன்னால் உடைக்க வேண்டும். ஷாட்கன் ஒற்றைக் குண்டை அனுப்பாது, சின்னச் சின்ன ரவைகளைக் கொத்தாக அனுப்பும். டிராப் என்ற வகையில் தட்டு நம்மை விட்டு விலகி ஓடும். ஸ்கீட்டில் இரண்டு பக்கக் கூண்டுகளிலிருந்து குறுக்கே பறக்கும். ஸ்போர்ட்டிங் கிளேஸில் காட்டுப் பாதையில் நடந்து நடந்து, நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு கோணத்தில் சுட வேண்டும். களிமண் தட்டு என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும். 11 சென்டிமீட்டர் விட்டம், நூறு கிராமுக்குச் சற்று மேலே எடை. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 125. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஸ்போர்ட்டிங் கிளேஸ் போகிற ஆள்கூட மதியச் சாப்பாட்டுக்குள் நூறு தோட்டா தீர்த்துவிடுவார். மான் வேட்டைக்குப் போகிறவருக்கு நாள் முழுக்க ஒரு வெடியோ இரண்டு வெடியோதான், உதை அவர் நினைவில்கூட நிற்காது. நமக்கோ ஒரே இடத்தில் நூறு உதை.

அந்த நூறில் எத்தனையைப் பேட் தாங்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இங்குள்ள கடைகளில் பார்க்காமல் கை விட்டால் பெரும்பாலும் 1⅛ அவுன்ஸ், அதாவது 32 கிராம் ரவை உள்ள தோட்டாதான் கையில் வரும். ஒலிம்பிக்கில் டிராப், ஸ்கீட் இரண்டுக்கும் உச்சவரம்பு 24 கிராம். ஸ்கீட்டில் அந்த 24 கிராமை வைத்துக்கொண்டு 125-க்கு 125 அடித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால் "ரவை குறைஞ்சா தட்டு உடையாதே" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.2 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் தோட்டா, நொடிக்கு 1200 அடி வேகம் என்றால், துப்பாக்கி பின்னால் வரும் ஆற்றல் ஏறக்குறைய 28 ஜூல். வேகத்தை மாற்றாமல் ரவையை மட்டும் 24 கிராமாகக் குறைத்தால் 17 ஜூல். நாற்பது சதவீதம் போய்விட்டது, நயா பைசா செலவில்லாமல். அதே 32 கிராம் தோட்டாவை 3.9 கிலோ துப்பாக்கியில் போட்டால் 23 ஜூல். ஆகவே "லேசா இருக்கு, கைக்கு அடக்கமா இருக்கு" என்று கடைக்காரர் எடுத்துக் காட்டும் துப்பாக்கி காடையைத் தேடிக் காட்டில் நடப்பவருக்குச் சரி. நூறு தட்டு சுடுபவருக்குக் கனமான துப்பாக்கிதான் நண்பன். பெட்டியில் டிராம் என்று, வெடிமருந்தின் வலுவைக் காட்டும் இன்னொரு எண்ணும் இருக்கும். 1⅛ அவுன்ஸில் 3 டிராம் என்றால் 1200 அடி வேகம், 2¾ டிராம் என்றால் 1145 அடி. சின்ன வித்தியாசமாகத் தெரியும், எழுபதாவது தட்டில் தோள் அதைச் சொல்லும்.

வாயுவில் இயங்கும் செமி-ஆட்டோ வகையும் உதையை மெதுவாக்கும். ரெமிங்டன் 1100 என்று 1963-இல் வந்த துப்பாக்கி இன்றும் தட்டு மைதானங்களில் உலவுவதற்கு அது ஒரு காரணம். வெடித்த வாயுவில் கொஞ்சத்தை எடுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்குப் பயன்படுத்துவதால், உதை ஒரே அடியாக வராமல் நீண்டு பரவி வருகிறது. பேட் செய்வதும் இதே வேலைதான். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோமே, அதுதான் தத்துவம். பந்தின் வேகம் எங்கேயும் போகவில்லை, அதை நிறுத்தும் நேரம் கூடுகிறது, உள்ளங்கை தப்பிக்கிறது. பேட் உதையை அழிப்பதில்லை. நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது, பரப்பைக் கொஞ்சம் அகலப்படுத்துகிறது, அவ்வளவுதான். விளம்பரத்தில் எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும் அதற்கு மேல் அதனிடம் மந்திரம் எதுவும் கிடையாது.

இப்போது அந்தப் போட்டோவுக்கு வருவோம். கன்றல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கழுத்தெலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு சதைக்குழி இருக்கிறது. கையை முன்னால் நீட்டினால் தெரியும். துப்பாக்கியின் அடிப்பகுதி உட்கார வேண்டிய இடம் அது. கன்றல் புஜத்தில் இருந்தால், துப்பாக்கியை வெளியே தள்ளி வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் நின்ற நிலையே தப்பாக இருக்கும், அல்லது ஸ்டாக் (துப்பாக்கியின் பின்கட்டை) நீளம் கூடியிருக்கும். கழுத்தெலும்பின் மேலேயே இருந்தால் உயர்த்தி வைத்திருக்கிறீர்கள். நெஞ்சுப் பக்கம் கீழ்முனை குத்தின அடையாளம் இருந்தால், அடிப்பகுதியின் சாய்வுக் கோணம் உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. கன்னத்தில் அறை விழுகிறதா? ஸ்டாக்கின் மேல்விளிம்பு உயரம் சரியில்லை, அல்லது கன்னத்தை அதில் அழுத்தி வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். நடுவிரல் முட்டி வீங்கியிருக்கிறதா? டிரிக்கர் காப்பு வந்து அடிக்கிறது. கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறதா? ஸ்டாக் குட்டை.

இத்தனையில் பேட் வாங்கினால் தீரக்கூடியது எது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சதைக்குழிக்குள்ளேயே, நடுவில், அளவாகக் கன்றியிருந்தால் மட்டும் பேட் பற்றிப் பேசலாம். மற்றவர்கள் முதலில் போக வேண்டியது துப்பாக்கியை உடம்புக்குப் பொருத்தித் தருகிறவரிடம்.

"அப்ப முதல்ல அவர்கிட்ட போயிட்டு அப்புறம் வெஸ்ட் வாங்கட்டுமா?" இல்லை. வெஸ்ட் (தோட்டாப் பைகளோடு சட்டைக்கு மேலே போடும் கையில்லாத மேலுடுப்பு) முதலில், அதைப் போட்டுக்கொண்டு அவரிடம். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வெஸ்ட்டையும் பேடையும் உடுப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், துப்பாக்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். டிரிக்கரிலிருந்து ஸ்டாக்கின் கடைசி விளிம்பு வரை உள்ள தூரம்தான் ஸ்டாக் நீளம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது சாதாரணமாக 14¼ முதல் 14¾ அங்குலம் வரை இருக்கும். நன்றாகப் பொருத்தித் தருகிறவர்கள் கால் அங்குலத்துக்காக மெனக்கெடுவார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இணையத்தில் பார்த்து, காலுறைபோல இழுத்து மாட்டும் ரப்பர் பேட் வாங்குகிறீர்கள். ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடியாயிற்று. வெஸ்ட்டின் உள்பையில் ஒரு ஜெல் பேட், இன்னும் கொஞ்சம். ஜனவரிக் குளிருக்கு உள்ளே தடித்த ஸ்வெட்டர், இன்னும் கொஞ்சம். இப்போது அக்குளில் சிக்காமல் துப்பாக்கியைத் தூக்கவே முடியாது. தூக்கினாலும் கன்னம் ஸ்டாக்கில் பின்தள்ளிப் போய் உட்காரும். பெரும்பாலான ஸ்டாக்குகளின் மேல்விளிம்பு பின்னால் போகப் போகத் தாழும். கன்னம் தாழ்ந்தால் கண் தாழும். ஷாட்கன்னில் பின்பக்கக் குறிமுள் கிடையாது, நம் கண்தான் அது. கண் தாழ்ந்தால் ரவைக் கொத்து தட்டுக்குக் கீழே போகும். தோள் வலிக்கு மருந்து வாங்கப் போனவர் தட்டை விட்டுவிட்டு நிற்பார். காரணம் பேட் என்று சொன்னால் நம்பமாட்டார்.

பேட் மூன்று இடத்தில் வரும். முதலாவது துப்பாக்கியிலேயே, ஸ்டாக்கின் முடிவில் திருகி வைப்பது. பழைய துப்பாக்கிகளில் இது வெறும் பிளாஸ்டிக் தகடாகவோ, வருடக்கணக்கில் இறுகிக் கல்லாகிப்போன ரப்பராகவோ இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கவில்லை என்றால் மாற்றுங்கள். பேக்மேயர் டெசிலரேட்டர், கிக்-ஈஸ், லிம்ப்சேவர் என்று பல பெயர்கள். கிக்-ஈஸில் இருப்பது சோர்போத்தேன், காலணி உள்ளட்டைகளிலும் எந்திர அதிர்வைத் தடுக்கவும் பயன்படுகிற பாலிமர். குறிப்பிட்ட துப்பாக்கி மாடலுக்கென்றே அளவாக வெட்டி வருவதும் உண்டு, பெரிதாக வாங்கி ஸ்டாக்கின் வடிவத்துக்கு இழைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டாவதைத் தெரிந்த கைவினைஞரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஸ்டாக்கின் பாலிஷ் போய்விடும். பேடின் தடிமன் அளவுக்கு மரத்தை அறுத்துக் கழித்தால்தான் பழைய நீளம் மாறாமல் இருக்கும் என்பதையும் அவரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

இரண்டாவது, வெஸ்ட்டின் தோள்பகுதிக்கு உள்ளே ஒரு பை, அதற்குள் செருகுவது. பெரெட்டாவும் பிரௌனிங்கும் தங்கள் வெஸ்ட்டுகளுக்கென்றே இப்படிச் செய்கிறார்கள். மெல்லியது, எடுத்துவிடலாம், தடித்த சட்டை போடுகிற நாளில் பேடைக் கழற்றிவிட்டு நீளத்தைச் சமன் செய்துகொள்ளலாம். எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். ஆனால் ஜெல் வகையை ஜூலை மாதத்தில் கார் டிக்கியில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து போடும்போது நெஞ்சில் சூடு போட்டுக்கொள்வீர்கள்.

மூன்றாவது, வார் போட்டு உடம்பில் மாட்டிக்கொள்ளும் தனிக் கவசம். பாஸ்ட் என்ற பெயரில் வருவது பிரபலம். இது பெரிய துப்பாக்கிகளை மேசையில் வைத்துச் சோதிப்பவர்களுக்கும், தோளில் ஏற்கெனவே அறுவைசிகிச்சை ஆனவர்களுக்கும். தட்டு சுடுகிறவருக்கு முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன். மூன்றையும் சேர்த்து அடுக்குகிற ஆட்களும் உண்டு. துப்பாக்கி தோளில் பதியாமல் நீந்தும். ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் போய் நிற்கும். துப்பாக்கிக்கு ஒரு நல்ல பேட், வெஸ்ட்டில் ஒரு மெல்லிய பேட் அல்லது அதுவும் இல்லை. எனக்கு இதுதான் உச்சவரம்பு.

பேடின் மேற்பரப்பை யாரும் கவனிப்பதே இல்லை. டிராப் சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளில் வைத்து நிதானமாக அமர்த்திய பிறகுதான் தட்டைக் கூப்பிடுவார். அவருக்குக் கொஞ்சம் உள்வளைந்த, பிடிமானமுள்ள பேட் நல்லது. ஒலிம்பிக் முறை ஸ்கீட்டிலும், ஸ்போர்ட்டிங்கில் பலமுறையும், சுடுகிறவர் தட்டு கிளம்பிய பிறகுதான் தூக்குகிறார். அவருக்கு மேல்முனை உருண்டையாக, வழுக்கலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டையில் சிக்கும். சில பேட்களில் மேல்முனையில் மட்டும் கடினமான பிளாஸ்டிக் பதித்திருப்பார்கள். இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியன் டேப்பை அந்த முனையில் ஒட்டிக்கொள்வதைப் பெரிய போட்டிகளில்கூடப் பார்க்கலாம். பார்க்க அசிங்கம்தான், வேலை நடக்கிறது.

வெஸ்ட்டிலும் இதே கதை. தோளிலிருந்து இடுப்பு நோக்கி இறங்கும் ஒட்டுத்துணி இருக்கிறதே, அது எதால் ஆனது, எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பாருங்கள். சொரசொரப்பான ஸ்வேட் தோல் டிராப்புக்கு. வழவழப்பான தோல் அல்லது நெருக்கமாக நெய்த துணி ஸ்கீட்டுக்கு. ஸ்கீட்டுக்கு அது விலா வரை, தையல் குறுக்கிடாமல் ஒரே துண்டாக இறங்க வேண்டும். துப்பாக்கி கீழேயிருந்து வழுக்கி ஏறும் பாதை முழுவதும் அதுதான். ஒலிம்பிக் ஸ்கீட்டில் தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கியின் அடி இடுப்பருகே இருந்தாக வேண்டும். அதைச் சரிபார்க்க வெஸ்ட்டில் 25 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை தைத்திருப்பார்கள், முழங்கை மடங்கும் உயரத்தில். எங்கள் டெக்சாஸ்காரர் வின்சென்ட் ஹான்காக் 2008, 2012, டோக்கியோ, 2024 என்று நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய காணொளிகள் கிடைக்கின்றன. தட்டை விட்டுவிட்டு அவருடைய வெஸ்ட்டை மட்டும் பாருங்கள். துப்பாக்கி ஏறும்போது துணியில் ஒரு சுருக்கம் விழுவதில்லை.

அந்தச் சுருக்கம்தான் கடையில் சோதிக்க வேண்டியது. முன்கூட்டியே கடைக்காரரிடம் கேட்டு, காலித் துப்பாக்கியை மடக்கித் திறந்த நிலையில் எடுத்துப் போங்கள். வெஸ்ட்டைப் போட்டு, பக்க வார்களை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு சில தடவை தூக்கிப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது அடிப்பகுதி ஒட்டுத்துணியின் நடுவில் இருக்கிறதா? துணி திரண்டு நடுவில் மாட்டுகிறதா? பிறகு இரண்டு பையிலும் ஒவ்வொரு பெட்டித் தோட்டா போட்டுவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள். 25 தோட்டா கிட்டத்தட்ட ஒரு கிலோ. காலியாக இருக்கும்போது கச்சிதமாக நின்ற வெஸ்ட், கனம் ஏறியதும் முன்பக்கம் தொங்கும், தோள் ஒட்டு கீழே இறங்கும். நம் ஆட்கள் பையன் வளர்வான் என்று பள்ளிச் சீருடை எடுத்த பழக்கத்தில் ஓர் அளவு பெரிதாகவே எடுக்கிறார்கள். வெஸ்ட்டுக்கு அது ஆகாது. உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், கை மட்டும் தாராளமாக அசைய வேண்டும். இடது தோளில் வைப்பவர்கள் இடதுபக்க ஒட்டுள்ள வெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஒட்டு உள்ளதும் கிடைக்கும்.

உள்ளே போடும் சட்டையும் முக்கியம். பேட் அழுத்தும் இடத்தில் சட்டைப் பொத்தான், காலர் மடிப்பு, கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது. உதையைவிட, உதைக்கும் சதைக்கும் நடுவே மாட்டிய பொத்தான்தான் அதிகமாகக் கன்ற வைக்கும்.

என் மனைவியும் சுடுவாள், என்னைவிட நன்றாகவே. அவளுக்கு வெஸ்ட் தேடிய அனுபவம் தனிக் கதை. கடைகளில் பெண்களுக்கு என்று மாட்டியிருப்பதில் பாதி, ஆண்கள் வெஸ்ட்டை நிறம் மாற்றி, இடுப்பைச் சுருக்கித் தைத்ததுதான். உண்மையில் மாற வேண்டியது ஒட்டுத்துணியின் வெட்டும் தோளின் அகலமும். பெண்களுக்கு அடிப்பகுதியின் கீழ்முனை மார்பில் குத்தும். அதற்குத் துப்பாக்கியின் சாய்வுக் கோணத்தை மாற்றி, கீழ்முனையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், வெஸ்ட் பேட் அதைத் தீர்க்காது. உள்ளாடையின் வார் சரியாகச் சதைக்குழியில்தான் போகும் என்பதால், வார் உள்ளே தள்ளி இருக்கும் விளையாட்டு வகையை அவள் போடுகிறாள். இதைக் கடையில் எந்த ஆணும் சொல்லித் தரவில்லை, மைதானத்தில் ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி சொல்லிக் கொடுத்தார்.

குழல் அளவில் அவள் சுடுவது 20 கேஜ், நான் அதைவிடப் பெரிய 12. இங்கே கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு அளவுத் தோட்டாவும் ஒரே வெஸ்ட் பைக்குள் போகவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். "வெடிக்கலையே" என்று இன்னொரு 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கையால் தாங்கிப் பிடித்திருக்கும் இடத்திலேயே. இதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு வெஸ்ட், இரண்டு பை, யாரும் யாருடையதையும் எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஒரு வெஸ்ட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடும் வீடுகளில் கிளம்புவதற்கு முன் பைகளைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் தோட்டா எடுக்க வேண்டும்.

பைகளைப் பற்றி மிச்சம் உள்ளது சின்ன விஷயம்தான். கையைத் தொங்கவிட்டால் விரல் தானாக உள்ளே போகும் உயரத்தில் பை இருக்க வேண்டும். வாய் விறைப்பாகத் திறந்தே நிற்க வேண்டும். சுட்ட கூடுகளுக்குத் தனிப் பை வேண்டும். மற்றபடி எத்தனை ஜிப், எத்தனை வளையம் என்பதெல்லாம் உங்கள் ஆசை. துண்டு தொங்கவிட ஒரு வளையம் மட்டும் எனக்கு வேண்டும், ஜூலையில் வியர்வை கண்ணுக்குள் இறங்கும்.

வெயில் என்றதும் துணி பற்றி. முதுகு முழுக்க வலைத்துணி, முன்னால் தோள் பகுதி மட்டும் கெட்டித்துணி. டெக்சாஸுக்கு இதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். இங்கிலாந்துக் கடைகளின் கம்பளி, பருத்தி வெஸ்ட்டுகள் படத்தில் கம்பீரமாக இருக்கும், அவை அவர்கள் ஊர்த் தூறலுக்கு. எங்கள் புதுக்கோட்டையிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் வலைத்துணிதான். டிராப்பில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போன பிரித்விராஜ் தொண்டைமான் எங்கள் ஊர் அரச குடும்பத்துக்காரர் என்று இங்குள்ள அமெரிக்கர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். புதுக்கோட்டை எங்கே என்றே தெரியாமல் தலையாட்டுவார்கள், போகட்டும்.

விலை? இங்கே ஐம்பது டாலரிலும் வெஸ்ட் உண்டு, இத்தாலியில் அளவெடுத்துத் தைத்துத் தருகிறவர்களிடம் அதைப் போல் பல மடங்கு கொடுத்தும் வாங்கலாம். முதல் வெஸ்ட்டை நடுவில் வாங்குங்கள். மிச்சக் காசை 24 அல்லது 28 கிராம் தோட்டாவுக்கும், ஒரு மணி நேரப் பொருத்துநர் கட்டணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு அடிக்கடி மாற்றாதீர்கள். குளிர்காலத்துக்கு ஸ்டாக்கில் ஸ்பேசர் வைத்த துப்பாக்கி இருந்தால் ஒரு தகடைக் கழற்றிவிடுங்கள், வெஸ்ட் அதேதான். மென்மையான பேட்களில் துப்பாக்கி எண்ணெய் படவிடாதீர்கள், பிசுபிசுத்துப் போகும். வெஸ்ட்டைத் துவைக்கும் முன் பேடை உருவிவிட்டு, தோல் ஒட்டு இருந்தால் எந்திரத்தில் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

நல்ல வெஸ்ட்டும் பேடும் போட்டுக்கொண்டும் தட்டைக் கூப்பிடும்போதே கண்ணை இறுக்கி மூடித் தோளை முன்னால் தள்ளுகிற பழக்கம் வந்துவிட்டால், அது தோளின் வேலை அல்ல, மனசின் வேலை. அமெரிக்க டிராப்பில் இதற்காகவே விரலை விட்டால் வெடிக்கும் டிரிக்கர் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிம்பிக் வகைகளில் அதற்கு அனுமதி இல்லை. அது பெரிய தலைப்பு, தனிப் பதிவாக எழுதுகிறேன்.

கடைசியாக, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு. அங்குள்ள நண்பருக்கு வெஸ்ட் கொண்டுபோய்க் கொடுப்பதில் தவறில்லை, வெறும் துணிதான். ஆனால் நீங்கள் போட்டுச் சுட்ட பழைய வெஸ்ட் என்றால் எல்லாப் பைகளையும் உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள், முதுகுப் பக்கத்துக் கூட்டுப் பை, பேட் செருகும் பை, கிழிந்த உள்துணி எல்லாவற்றையும் சேர்த்து. இந்திய விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். "மறந்துட்டேன் சார்" என்பதை அங்கே காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். சுட்ட காலிக் கூடுகளையும் இங்கேயே கொட்டிவிட்டுப் போங்கள், அதற்கு வேறு தனியாக விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.